நெட் போனதை நெட்டே எப்படி சொல்லும்? மழைக்கு முன் சரிபார்க்க வேண்டிய அலர்ட் எஸ்.எம்.எஸ்

2022 டிசம்பர் 9-ம் தேதி நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. இதுபோன்ற இரவுகளில் முதலில் மின்சாரம் போகும், பின்னாலேயே இன்டர்நெட்டும் போகும் என்பது கோவளம், திருவிடந்தை பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஈசிஆர் நெடுக ரிசார்ட், கிளினிக், இறால் குஞ்சு பொரிப்பகம் என்று பல இடங்களில் சிசிடிவி, ரவுட்டர், சர்வர், சென்சார் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் ஓடுகின்றன. பொரிப்பகத்தில் காற்று செலுத்தும் மோட்டார் நின்றால் குஞ்சுகள் அதிக நேரம் தாங்காது. அதனால் நெட்வொர்க்கைக் கண்காணிக்க ஒரு மென்பொருள், ஏதாவது நின்றால் பொறுப்பாளர் போனுக்கு எஸ்.எம்.எஸ் என்று ஏற்பாடு செய்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த எஸ்.எம்.எஸ் எந்த வழியாக வரும்?

எப்படி வேலை செய்கிறது?

மென்பொருள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு கருவியையும் 'இருக்கிறாயா?' என்று கேட்கும். தொடர்ந்து சில முறை பதில் வராவிட்டால் அலர்ட். பலரும் இதை இன்டர்நெட் வழியாக ஒரு எஸ்.எம்.எஸ் சேவை நிறுவனத்துக்கு அனுப்பி, அங்கிருந்து போனுக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். சிக்கலே இங்குதான். பிராட்பேண்ட் கேபிள் அறுந்தால் அலர்ட் கட்டிடத்தை விட்டே வெளியே போகாது. தபால்காரர் வரவில்லை என்ற புகாரைத் தபாலில் போட்ட கதைதான்.

பெரிய நிறுவனங்களும் இதில் மாட்டியிருக்கின்றன. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் நெட்வொர்க் முழுவதும் விழுந்தது. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். டொராண்டோ தமிழர்கள் பலருக்கும் அந்த நாள் நினைவிருக்கும். கோளாறைக் கண்டறிய வேண்டிய நிர்வாக நெட்வொர்க்கும் அதே மைய நெட்வொர்க்கை நம்பியிருந்தது. ஊழியர்கள் கையில் இருந்த போன்களும் பெரும்பாலும் ரோஜர்ஸ் இணைப்புதான். ஒருவரை ஒருவர் தொடர்புகொள்வதே பெரும்பாடாகிவிட்டது.

அப்போ என்னதான் வழி?

சர்வரோடு சிம் போட்ட ஒரு ஜிஎஸ்எம் மோடத்தை இணைத்துவிட்டால், இன்டர்நெட் போனாலும் டவர் வழியாக எஸ்.எம்.எஸ் போகும். டேட்டா ஓடாத அளவுக்குச் சிக்னல் பலவீனமாக இருந்தாலும் பல நேரம் எஸ்.எம்.எஸ் போய்ச் சேர்ந்துவிடும். பிராட்பேண்ட் தரும் கம்பெனியின் சிம்மையே வாங்கிப் போடாதீர்கள். வேறு கம்பெனி சிம் வேண்டும். மோடத்துக்கும் ரவுட்டருக்கும் யுபிஎஸ் கட்டாயம்.

கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, டவரும் படுத்துவிட்டால்? உள்ளே இருக்கும் எதுவும் பேசாது. அதற்குத்தான் வெளியூர் காவல். உள்ளிருக்கும் சர்வர் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 'நலம்' என்று வெளியே உள்ள இன்னொரு சர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் நின்றால், வெளியே இருப்பது எஸ்.எம்.எஸ் அனுப்பும். சின்ன இடங்களில் இதை யாரும் செய்வதில்லை, செலவோ மிகக் குறைவு.

நம்ம ஊர் சிக்கல் இன்னொன்று உண்டு. சேவை நிறுவனம் வழியாக அனுப்பினால், டிராய் விதிப்படி அனுப்புநர் பெயரும் செய்தியின் டெம்ப்ளேட்டும் டிஎல்டி தளத்தில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். வாசகம் மாறினால் செய்தி தடுக்கப்படும். 2021 மார்ச் 8 அன்று இந்தச் சோதனை கறாராக அமலானபோது நாடு முழுக்க ஓடிபி வராமல் தவித்ததும், டிராய் அதை ஒரு வாரம் நிறுத்திவைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். 2024 அக்டோபர் முதல் செய்தியில் வரும் லிங்க்குக்கும் முன் அனுமதி தேவை. அலர்ட்டில் லிங்க் வைத்திருப்பவர்கள் உடனே பாருங்கள்.

தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் 70 எழுத்துக் குறிகள்தான் அடங்கும், ஆங்கிலத்தில் 160. புள்ளி, கொம்பு, கால் எல்லாமே தனித்தனிக் கணக்கு. 'பம்ப் 2 நின்றது' என்று சுருக்கமாகப் போதும். மெயின் சுவிட்ச் விழுந்தால் அதன் கீழே உள்ள 40 கேமராவுக்கும் 40 எஸ்.எம்.எஸ் வரும்படி வைக்காதீர்கள். சுவிட்ச்சுக்கு மட்டும் ஒன்று வரட்டும். இல்லையென்றால் ராத்திரி 2 மணிக்குப் போனை சைலன்டில் போட்டுவிடுவார்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு மதியம் பிராட்பேண்ட் வயரைக் கழற்றிப் பாருங்கள். போன் சத்தம் போடுகிறதா? போட்டால், யார் போன் என்றும் கவனியுங்கள். போன வருஷமே வேலையை விட்டுப் போனவர் நம்பர் இன்னும் பட்டியலில் இருக்கலாம்.