கூடத்துச் சுவரில் இல்லாத நாகசுரம்

சங்கீதத்தைச் சுவரில் மாட்டும் பழக்கம் நம்மவரிடையே பெருகிவருகிறது. சென்னையின் அடுக்ககங்களில் குடிபுகுவோர் தொலைக்காட்சிக்கு மேலே மும்மூர்த்திகளையும், கண்ணாடிப் பேழைக்குள் ஒரு முழ நீள வீணையையும், எதிர்ச் சுவரில் சரஸ்வதியின் தஞ்சாவூர் ஓவியத்தையும் வைத்துவிட்டால் இல்லம் கலைக்கோயிலாகிவிட்டது என்று நிறைவு கொள்கிறார்கள். வீட்டை அழகு செய்வதோடு நமக்கு யாதொரு பகையும் இல்லை. ஆயினும், இச்சுவர்கள் எதைக் காட்டுகின்றன, எதை மறைக்கின்றன என்று கேளாமல் கடந்துபோக நம்மால் இயலவில்லை.

முதலில் அந்தக் குட்டி வீணை. தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் குடைந்து செய்யப்படுவது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் செதுக்கி முடித்த பின்னரே கடினமான வேலை தொடங்குகிறது. மெழுகுக் கலவையின் மேல் 24 மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டுப் பதிக்க வேண்டும். பேழைக்குள் இருக்கும் பொம்மைக்கும் யாளி உண்டு, குடம் உண்டு. கேட்டுப் பதித்த மெட்டு மட்டும் கிடையாது. எதனால் அது வீணையோ, அதை நீக்கிவிட்டு மிச்சத்துக்கு அலங்காரம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அடுத்து மும்மூர்த்திகள். சியாமா சாஸ்திரி 1827இலும், தீட்சிதர் 1835இலும், தியாகராஜர் 1847இலும் மறைந்தார்கள். மூவருக்கும் நிழற்படம் இல்லை. இன்று நம் மனத்தில் நிற்கும் அவர்களின் முகங்களுக்குப் பெரிதும் காரணமானவர் எஸ். ராஜம் (1919-2010). ஓவியம் முறையாகப் பயின்றவர். பிறர் தயங்கிய விவாதி மேளங்களைத் துணிந்து பாடியவர். பாடத் தெரிந்தவரின் கை வரைந்த முகங்கள் அவை. நகலின் நகலை வாங்கி மாட்டுவோரில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

நமது முதன்மையான குற்றச்சாட்டு இவை இரண்டும் அன்று. அன்பர்களே, இத்தகைய கூடங்களில் எத்தனையில் ஒரு நாகசுரக் கலைஞரின் படத்தைக் கண்டிருக்கிறீர்கள்? திருமண அழைப்பிதழின் மூலையில் நாகசுரமும் தவிலும் தவறாமல் அச்சாகும். மணம் முடிந்ததும் அழைப்பிதழோடு குப்பைக்குப் போகும். தாலி கட்டும் நொடியில் கெட்டிமேளம் வேண்டும் நமக்கு. கோயில் வாசலிலும் மண்டப வாசலிலும் நிறுத்திவைத்த அந்தக் கலையைக் கூடத்துக்குள் அழைக்க மட்டும் இன்னும் மனம் வரவில்லை. மங்கல வாத்தியம் என்று போற்றப்படுவதற்கே இந்த நிலை என்றால், பறையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) மறைந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகின்றன. தோடி என்றதும் இன்றும் அவர் பெயரே நினைவுக்கு வருகிறது. குட்டையான திமிரி நாகசுரத்தின் இடத்தில் நீண்ட பாரி நாகசுரத்தை நிலைபெறச் செய்தவர் அவர். அதைச் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. தம் கலைக்கு உரிய மரியாதையைக் கேட்டுப் பெறத் தயங்காதவர் பிள்ளை. அவருக்கு நிழற்படங்களும் உண்டு, ஒலிப்பதிவுகளும் உண்டு. முகத்தைக் கற்பனை செய்ய வேண்டிய மூவர் வீடுதோறும் இருக்க, முகமும் குரலும் பதிவாகியுள்ள ஒருவருக்கு ஓர் ஆணி கிடைக்கவில்லை.

இதைவிட வருத்தம் தருவது ஒன்று உண்டு. நரசிங்கம்பேட்டை நாகசுரம் ஆச்சா மரத்தில் கடையப்படுவது. 2022இல் அதுவும் புவிசார் குறியீடு பெற்றது. பச்சை மரம் அதற்கு உதவாது. பல பத்தாண்டுகள் முதிர்ந்த மரம் வேண்டும் என்பதால், இடிக்கப்படும் பழைய வீடுகளின் உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்கிக் கடைகிறார்கள். பாட்டன் வீட்டின் உத்தரம் நாகசுரமாகிறது. பேரன் வீட்டின் சுவரில் அதன் படத்துக்குக்கூட இடமில்லை.

“சுவர் என்னுடையது, ரசனையும் என்னுடையது; இதில் சாதியை ஏன் இழுக்கிறீர்கள்?” என்று சிலர் சினக்கலாம். ரசனை வானத்திலிருந்து இறங்குவதன்று; யாரை மதிக்கப் பழகினோமோ அதிலிருந்து முளைப்பது. வீணையைக் கலைமகளின் கையில் கண்டோம், அது தெய்விகமாயிற்று. நாகசுரத்தை இசை வேளாளர் முதலியோரின் கையில் கண்டோம். அது கூலிக்குச் செய்யும் ஊழியமாயிற்று. நாகசுரம் உரத்த வாத்தியம், வீட்டுக்குள் ஒவ்வாது என்று சொல்வோரும் உளர். படம் உரத்து ஒலிக்காதே, ஐயா!

மும்மூர்த்திகளைக் கழற்றி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் ராஜரத்தினம் பிள்ளைக்கும் இடம் கொடுங்கள். படத்தின் கீழே பெயரை எழுதுங்கள். யார் இவர் என்று குழந்தை கேட்டால் அந்தத் தோடியைப் போட்டுக் காட்டுங்கள். பேழை வீணைக்குச் செலவிடும் பணத்தை, வாசிக்கத்தக்க ஒரு கருவிக்கென்று சேர்த்து வையுங்கள். அடுத்த திருமணத்தில் நாகசுரம் ஒலிக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் எதிரே அமர்ந்து கேளுங்கள். வாசிப்பவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வீடு திரும்புங்கள். எந்தப் படத்தை மாட்டுவது என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.