அலை யாருக்கும் வழிவிடாது!

கடற்கரையிலே கார் ஓட்டலாம்! திருட்டுத்தனமாக அல்ல, சர்க்காரே சாலை என்று அறிவித்திருக்கிற கடற்கரை! விமானமும் அதே மணலில் இறங்குகிறது!

எங்கே என்கிறீர்களா? ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்துக் கரையோரத்தில், கர்ரி தீவில். நீளம் 120 கிலோமீட்டருக்கு மேல். உலகிலேயே பெரிய மணல் தீவு. ஃபிரேசர் தீவு என்று வெள்ளையர் இட்ட பெயர் போய், மண்ணின் மக்களான புட்சுல்லா மக்களின் பெயரே 2023-இல் சட்டப்படி திரும்பியது.

விடுமுறைக்குப் போகிறவர் முதலில் கேட்பது, "எந்த விடுதி உயர்ந்தது?" என்று. கேட்கவேண்டியதோ, "அலை எப்போது ஏறும்?" என்பது! அலை ஏறினால் சாலையே இல்லை. உச்ச ஏற்றத்துக்கு முன்னே இரண்டு மணி, பின்னே இரண்டு மணி, வண்டியை இறக்காதே என்பது விதி. ஓடைகள் மணலை அறுத்துப் பள்ளம் செய்திருக்கும். 80 கிலோமீட்டர் வேகம் அனுமதி என்று கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால், பள்ளம் மன்னிக்காது.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் வேண்டும். டயரில் காற்றையும் குறைக்கவேண்டும். 35 பவுண்டு இருந்தால் 20 அளவுக்கு. டயர் அகன்று படிந்தால் மணல் தாங்கும். விறைத்து நின்றால் விழுங்கும். லாரி ஓட்டும் தோழருக்கு இது விளங்கும். விலை உயர்ந்த வண்டி என்பதற்காக மணல் மரியாதை தருமா? தராது!

தங்குமிடத்தையும் இப்படியே பார்க்கவேண்டும். கிழக்குக் கரையில் யூராங்கில் தங்கினால் வாசலிலேயே கடற்கரைச் சாலை. மேற்குக் கரையில் கிங்ஃபிஷர் விரிகுடாவில் தங்கினால், காட்டு மணல் தடத்தில் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் தீவைக் குறுக்கே கடக்கவேண்டும். அந்த நேரத்தையும் அலைக் கணக்கில் சேர்க்கவேண்டும். ஆனால் அங்கே சொந்த வண்டி இல்லாதவனும் படகில் இறங்கி, சுற்றுலாப் பேருந்தில் தீவைப் பார்க்கலாம். கை இறுக்கமானவனுக்குக் கூடாரம் உண்டு; முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். குழந்தைகளோடு போகிறவன் வேலியிட்ட முகாமையே தேடட்டும்.

வேலி எதற்கு? டிங்கோ என்னும் காட்டு நாய்க்கு! வந்தவர்கள் வேடிக்கைக்காகத் தீனி போட்டார்கள். நாய்க்கு மனிதரிடம் அச்சம் போயிற்று. 2001-இல் ஒன்பது வயதுச் சிறுவன் கடிபட்டு மாண்டான். பிறகு பல நாய்கள் கொல்லப்பட்டன. இரண்டு பக்கமும் சாவு. ஆனால் அந்த நாயைப் பழக்கிவிட்டது யார்?

"காசு கொடுத்து வந்தேன், எனக்கு ஏன் இத்தனை விதி?" என்று முணுமுணுப்பவர் உண்டு. தோழர்களே, அந்தத் தீவில் 1976 வரை கம்பெனிகள் கனிம மணலைத் தோண்டின. 1991 வரை மரம் வெட்டினார்கள். போராடியவர்கள் தடுத்ததால்தான் 1992-இல் அது உலக மரபுச் சொத்தாயிற்று. 2014-இல் புட்சுல்லா மக்களின் உரிமையை நீதிமன்றமும் ஏற்றது. மண்ணுக்கு நல்லதே முதலில், உன்னுடையதல்லாததைத் தொடாதே, நிறைய இருந்தால் பகிர்ந்துகொள்: இதுவே அவர்கள் சட்டம்!

ஓய்வு உழைப்பவனின் உரிமை; அதில் ஐயமில்லை. ஆனால் பொதுச் சொத்தில் உரிமை கொண்டாடுகிறவனுக்குக் கட்டுப்பாடும் வேண்டும். விதி தளர்ந்தால் லாபம் பணக்காரனுக்கு. தீவு பாழானால் நட்டம் எல்லோருக்கும்! விருந்தாளியாகப் போங்கள், அலை இறங்கும்வரை காத்திருங்கள்!