மலை ஜீப்பும் ஒரு மிடறு தேநீரும்



வந்தவாசியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். "அக்கா, லீவுக்குக் கொழுக்குமலைக்கு ஜீப்பில் போகலாம் என்கிறார் எங்க வீட்டுக்காரர். மூத்தவளுக்கு ஆறு வயசு. சின்னவனுக்கு எட்டு மாசம், தாய்ப்பால் குடிக்கிறான். தூக்கிக்கிட்டுப் போகலாமா? மேலே டீ பாக்டரியில் விதவிதமா டீ ருசி பார்க்கத் தருவாங்களாமே, பால் கொடுக்கிற நான் குடிக்கலாமா?"

போடிக்காரியைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார்! முதலில் பதிலைச் சொல்லி விடுகிறேன். நீங்கள் போகலாம், மூத்தவளும் போகலாம். சின்னவன் ஜீப்பில் ஏற வேண்டாம். டீ குடிக்கலாம், அளவோடு. ஏன் என்பதைத்தான் இந்த இதழில் விவரமாக எழுதுகிறேன். போன ஜனவரியில் என் நாத்தனார், அவள் பிள்ளைகள் இரண்டு பேர், அண்ணன் மகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் வந்த அனுபவமும் கைவசம் இருக்கிறது.

போடியிலிருந்து மேலே

போடிநாயக்கனூருக்கு இப்போது வருவது சுலபம். அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்று போன ரயில், 2023 ஜூனில் மறுபடி வந்து விட்டது. ஊருக்குள் இறங்கினாலே ஏலக்காய் வாசனைதான். வாசலில் முறமும் சல்லடையுமாகப் பெண்கள் உட்கார்ந்து காயைத் தரம் பிரிப்பது எங்களுக்கு அன்றாடக் காட்சி.

கொழுக்குமலைத் தோட்டம் எங்கள் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. போடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் அந்த மலைதான். ஆனால் ஜீப் பாதை கேரளத்துப் பக்கம், சூரியநெல்லியிலிருந்து போகிறது. ஆகவே முந்தலைத் தாண்டி, போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சின்னக்கானல் வழியாக மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மெட்டுக்கு ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்த எங்கள் பையன்களில் ஒருவன் பதினேழு என்றான், மற்றவன் பதினெட்டு என்றான். சண்டை பூப்பாறை வரை ஓயவில்லை.

இந்த ரோடு நல்ல தார் ரோடு, கைக்குழந்தைக்கும் பயமில்லை. ஏறும்போது காது அடைக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்கினால் போதும், குழந்தைக்குப் பால் கொடுத்தால் அது விழுங்கும்போதே காது சரியாகி விடும். வாந்தி வருகிற பிள்ளைகளை முன் சீட்டில் உட்கார வைத்துத் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். புத்தகமும் போனும் கையில் இருக்கக் கூடாது. கிளம்புமுன் இரண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்.

விடியற்காலையில் போனால் எதிரும் புதிருமாக ஜீப்புகளைப் பார்ப்பீர்கள். உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு, மடியில் தூக்குச்சட்டியோடு பெண்கள். ஏலத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். நமக்கு வருஷத்துக்கு ஒரு நாள் வேடிக்கையான இந்தப் பிரயாணம் அவர்களுக்குத் தினசரி இரண்டு வேளை. ஏலச் செடியில் காய் தரையை ஒட்டித்தான் காய்க்கும். நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து பறிக்க வேண்டும். பாயசத்துக்கு இரண்டு காய் தட்டிப் போடும்போது அந்த முதுகுகளை நினைத்துக்கொள்வது தப்பில்லை.

ஜீப்புக்குள்ளே

சூரியநெல்லியில் ராத்திரி தங்கி, நாலு மணிக்கு எழுந்தோம். சூரிய உதயம் பார்க்க வேண்டுமானால் இருட்டில் கிளம்ப வேண்டும். மேலே சுமார் 12 கி.மீ. தான், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பாதை என்று பெயர், எல்லாம் கருங்கல்லும் பள்ளமும். சொந்தக் காரில் போக முடியாது. அங்கே ஓட்டிப் பழகின டிரைவரும் நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்பும் வேண்டும்.

ஏறியதும் டிரைவர் தம்பி, "அக்கா, கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க. பேசாதீங்க, நாக்கைக் கடிச்சுக்குவீங்க" என்றார். ஐந்து நிமிஷத்தில் அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. உடம்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். நடுவில் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, முன்னால் போன ஜீப்பை போனில் கூப்பிட்டு, "ஆனை நிக்குதா?" என்று விசாரித்துவிட்டுத்தான் எடுத்தார். சின்னக்கானல் யானைக் காடு. ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டதும், அது கம்பத்துக்குள் இறங்கி வந்ததும், ஜூனில் நம் வனத்துறை அதைக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு போனதும் நினைவிருக்கும். அதன் ஊர் இதுதான்.

இப்போது சின்னவன் விஷயம். எட்டு மாசக் குழந்தைக்குத் தலை கனம், கழுத்துத் தசை இன்னும் பலப்படவில்லை. விடாமல் தூக்கித் தூக்கிப் போடுகிற வண்டியில் அம்மா ஒரு கையால் கம்பியைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையால் மட்டும் பிள்ளையை எப்படித் தாங்க முடியும்? பாட்டியோடு தங்கும் இடத்தில் விட்டுப் போங்கள். கிளம்புமுன் வயிறு நிறையப் பால் கொடுங்கள். பால் எடுத்து வைத்தால் சாதாரண அறைச் சூட்டில் 4 மணி நேரம் வரை கெடாது. எட்டு மாசத்துக்குக் கேழ்வரகுக் கூழும் சாப்பிடுமே! திரும்பி வர நேரமானால் பிள்ளை பட்டினி கிடக்காது.

கர்ப்பிணிகள், ஆபரேஷன் முடிந்து அதிக நாளாகாதவர்கள், இடுப்பு வலிக்காரர்கள் இவர்களும் இந்த ஜீப்பில் ஏறக் கூடாது. என் தம்பி மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாசம். "மதினி, மெதுவா ஓட்டச் சொன்னாப் போதும்ல? நானும் வாரேன்" என்று கண் கலங்கினாள். "மெதுவாப் போனாலும் கல்லு கல்லுதான்டா தங்கம். புள்ளையைப் பெத்து எடு, அடுத்த வருஷம் நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிப் போடியிலேயே விட்டு வந்தேன். அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தாலும், இதில் தயவு தாட்சண்யம் பார்க்க முடியாது.

மற்றவர்களுக்குச் சில குறிப்புகள். பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் இருக்கையில்தான் ஆட்டம் அதிகம். பிள்ளைகளை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் வரும்படி உட்கார வையுங்கள். ஓடும்போது கடலை, மிட்டாய் வாயில் இருக்கக் கூடாது, புரை ஏறும். புடவையை விடச் சுடிதார் சௌகரியம். காதுக்கு மப்ளர் கட்டாயம். டிரைவரிடம் மது வாடை வந்தால் கொடுத்த பணம் போனாலும் போகட்டும், ஏறாதீர்கள்.

உச்சியில்

ஏழாயிரம் அடிக்கு மேலே நின்று சூரியன் எழும்பி வருவதைப் பார்த்தோம். காலடியில் பஞ்சு மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டின மாதிரி மேகம். அது விலகினால் அதலபாதாளத்தில் நம்ம போடி. அண்ணன் மகள், "அத்தை, இந்தச் சரிவிலேயே குரங்கணிக்கு நடந்து இறங்கிட்டா நேரா வீட்டுக்கே போயிடலாமே!" என்றாள். அவளுக்கு அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னேன்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மலையேற்றத்துக்கு வந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கத்துப் பிள்ளைகள், பெரும்பாலும் இளம் பெண்கள். காய்ந்த புல்லில் தீ பிடித்துக்கொண்டது. தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். காற்றும் சேர்ந்தால் மனுஷக் கால் அதற்கு ஈடு கொடுக்காது. இருபது பேருக்கு மேல் போய் விட்டார்கள். காயம் பட்டவர்களை மலை ஜனங்கள் துணியில் கட்டித் தோளில் சுமந்து இறக்கினார்கள். அந்த ராத்திரி போடி தூங்கவில்லை. அந்தத் தடத்தில் போக முறையான அனுமதி உண்டா என்பது பிறகு பெரிய கேள்வியாயிற்று. அதன் பின் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 முதல் வனத்துறையே குறிப்பிட்ட தடங்களில், பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு ஆட்களை அழைத்துப் போகிறது.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பெண்கள் மலைக்குப் போகட்டும். ஆனால் ஏறுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பாதைக்கு அனுமதி இருக்கிறதா? கூட வருகிறவர் இந்த மலையைத் தெரிந்தவரா? ஆபத்து என்றால் எந்த வழியாகத் திரும்புவது? பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை, புல் காய்ந்து கிடக்கும் மாதங்களில், காட்டு நடையே வேண்டாம். அண்ணன் மகள் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஜீப்பிலேயே போவோம் அத்தை" என்றாள்.

ஒரு வாய், உறிஞ்சிக் குடி!

மேல்நாடுகளில் மலைச் சவாரி முடிந்ததும் மது வகைகளை ஒவ்வொரு மிடறாக ருசி பார்க்க வைப்பது ஒரு பொழுதுபோக்கு. இங்கே நமக்கு அந்த இடத்தில் தேநீர். ஆனாலும் சில ஆண்கள் குளிருக்கு என்று பாட்டிலோடுதான் வருகிறார்கள். மது குடித்ததும் சூடு ஏறுவது போலத் தோன்றுவது, தோலில் ரத்தக் குழாய்கள் விரிவதால்தான். அதன் வழியாக உடம்புச் சூடு வெளியே போய் விடும். குளிரில் அது கெடுதல், செங்குத்துப் பாறை ஓரத்தில் இரட்டைக் கெடுதல்.

1930-களில் கட்டின பாக்டரி அது. பழைய மிஷின்கள், மரத்தளம், காலடி வைத்ததும் மூக்கில் ஏறும் பச்சை இலை வாசனை. பறித்த இலையைப் பரப்பிக் காற்றில் வாட்டுகிறார்கள். பிறகு உருட்டிக் கசக்கி, சாறு வெளியே வந்ததும் காற்றுப்படப் பரப்பி வைக்கிறார்கள். நறுக்கிய வாழைக்காய் கறுக்கிற மாதிரி இலை செம்பு நிறமாகும். அப்புறம் சூட்டில் உலர்த்தி, சலித்துத் தரம் பிரிப்பது. ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். இரண்டு இலை, ஒரு கொழுந்து என்று கிள்ளிச் சேர்க்கிறவர்கள் பெரும்பாலும் பெண்களே. அந்தக் காலத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, எங்கள் போடி வழியாகத்தான் வெளியூர் போனது.

ருசி பார்ப்பதற்கு உலகம் முழுக்க ஒரு கணக்கு உண்டு. 100 மில்லி கொதித்த தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, அதாவது சுமார் ஒரு டீஸ்பூன். மூடி வைத்து 6 நிமிஷம். பால் இல்லை, சர்க்கரை இல்லை. ஸ்பூனில் எடுத்து 'உர்ர்' என்று காற்றோடு உறிஞ்ச வேண்டும். காற்று சேர்ந்தால்தான் மணம் மூக்குக்குப் போகும். வீட்டில் அப்படி உறிஞ்சினால் அடி விழும் என்று பையன்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஆளுக்கு ஒரு ஸ்பூனோடு நிறுத்தினேன், பிள்ளைகளுக்கு டீ பழக்கம் வேண்டாம். என் நாத்தனார், "மதினி, இதுல துவர்ப்பும் இருக்கு, பின்னாடி ஒரு இனிப்பும் இருக்கே!" என்று அதிசயப்பட்டாள். இருபது வருஷமாகப் பாலும் சர்க்கரையும் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிக் குடித்தவள். ஒன்று கவனியுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்து விடும். அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அதிக நேரம் பிடிக்கும், குக்கர் இருந்தால் நல்லது.

வீட்டுக்கு வந்த பின்

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தேநீரில் உள்ள துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை உடம்பில் சேர விடாமல் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டோடு டீ, சாப்பிட்டதும் டீ என்ற வழக்கத்தை விடுங்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். இரும்பு மாத்திரையை ஒருநாளும் டீயோடு விழுங்காதீர்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

பால் கொடுக்கும் அம்மாவுக்கு நாளைக்கு இரண்டு மூன்று கப் வரை பாதகமில்லை. குழந்தை தூங்காமல் சிணுங்கினால் குறைத்துப் பாருங்கள். கர்ப்பிணிகள் காபி, டீ இரண்டையும் சேர்த்துக் கணக்கு வைத்து, இரண்டு கப்போடு நிறுத்துவது நல்லது.

ஆகவே வந்தவாசித் தங்கச்சி, தைரியமாகக் கிளம்புங்கள். சின்னவனைப் பாட்டியிடம் விட்டு, மூத்தவள் கையைப் பிடித்துக்கொண்டு போய் வாருங்கள். பாட்டி வர முடியாவிட்டால் இந்த வருஷம் குடும்பத்தோடு பஸ்ஸில் போடிமெட்டு வரை வாருங்கள். அங்கேயும் மேகம் உண்டு, சூடான டீ உண்டு. கொழுக்குமலை எங்கும் ஓடிப் போகாது.

அடுத்த இதழில், ஏலக்காய் வாங்கும்போது நல்ல காயைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எங்கள் ஊர்ப் பெண்களிடமே கேட்டு எழுதுகிறேன்.