பரிந்துரைக் கடிதம் யார் தருவார்?

பரோடா மன்னரின் உதவித்தொகையில்தான் 1913இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். அந்தத் தொகைக்கான காலம் முடிந்ததும், லண்டனில் தொடங்கிய ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு 1917இல் நாடு திரும்ப வேண்டியிருந்தது. 1920இல் மீண்டும் லண்டன் சென்றபோது, கல்லூரியில் பாடம் நடத்திச் சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவி, நண்பரிடம் வாங்கிய கடன், கொலம்பியா பேராசிரியர் செலிக்மன் எழுதிய பரிந்துரைக் கடிதம் எல்லாம் துணை நின்றன.

அம்பேத்கருக்கே இத்தனை கைகள் தேவைப்பட்டன. நமக்குத் தேவைப்படுவதில் வெட்கம் என்ன?

பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு எந்த நெறியாளரிடம் சேரலாம், ஆய்வு முன்மொழிவை எப்படி எழுதுவது, காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் போலி இதழ் எது என்பதெல்லாம் வீட்டுப் பேச்சிலேயே தெரிந்துவிடும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவருக்கு இரண்டு வருடம் வீணான பிறகுதான் தெரியவரும். தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் இந்தத் தொடர்புகளுக்குத்தான் 'தகுதி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் நாம் இழந்த ரோகித் வெமுலாவின் கடைசிக் கடிதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏழு மாத உதவித்தொகை, 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய், இன்னும் வர வேண்டியிருந்தது. அதைத் தன் குடும்பத்துக்குக் கொடுத்துவிடும்படி கேட்டிருந்தார். உதவித்தொகை தாமதமாவதை வெறும் அலுவலகச் சிக்கல் என்று இனி யாரும் நம்மிடம் சொல்ல முடியாது.

சம வாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் வேண்டும் என்று 2012லேயே யூஜிசி விதி வகுத்தது. உங்கள் வளாகத்தில் அவை எங்கே இருக்கின்றன, இதுவரை என்ன செய்தன என்று எழுத்தில் கேளுங்கள். நாம் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறோம் என்பதால் நிறுவனத்தின் பொறுப்பு தீர்ந்துவிடாது.

ஆனால் நிறுவனம் திருந்தும்வரை நம் தம்பி தங்கைகள் காத்திருக்க முடியாது. முனைவர் பட்டம் முடித்த தோழர்களே, தேர்வான உங்கள் முன்மொழிவை இளையவர்களுக்குக் கொடுங்கள். நிராகரிக்கப்பட்டதையும் சேர்த்துக் கொடுங்கள். அதில்தான் பாடம் அதிகம். நேர்முகத் தேர்வுக்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து அவர்களிடம் கேள்வி கேளுங்கள். உதவித்தொகை வராத மாதத்தில் விடுதிக் கட்டணத்துக்குக் கைமாற்றாகக் கொடுக்க ஒரு பொது நிதி சேருங்கள். நம் வாசிப்பு வட்டங்களும் மாணவர் அமைப்புகளும் போராட்டத்தோடு இந்த வேலையையும் கையில் எடுக்கட்டும்.

உள்ளே போய்விட்டவர்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பின்னால் ஆள் வருகிறார்கள்.