ரெக்கார்டா, டிஜிட்டலா... எது பெஸ்ட்? பரணில் பூசணம் பூக்கும் கேசட்டுகள் சொல்லும் பதில்!

இன்ஸ்டாவைத் திறந்தால் யாராவது ஒருத்தர் கறுப்பு ரெக்கார்டைச் சுழலவிட்டு, "ஒரிஜினல் சவுண்டுன்னா இதுதான்" என்று ரீல்ஸ் போடுகிறார். கீழே கமென்ட்டில் ஒரு கூட்டம் "ஆமா தலைவா" என்கிறது. இன்னொரு கூட்டம் "காதுல இரைச்சல்தான் கேக்குது" என்கிறது. இதில் யார் சொல்வது சரி? இதற்கும் நாகர்கோவிலில் உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கேசட் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்ப்போம்.

திடீர்னு ஏன் இந்தப் பேச்சு?

காரணம், ரெக்கார்டு விற்பனை. அமெரிக்காவில் 2022-ல், 1987-க்குப் பிறகு முதல்முறையாக, எண்ணிக்கையில் சிடியை ரெக்கார்டு முந்தியது. 2024-ல் அங்கே சுமார் 4.4 கோடி ரெக்கார்டுகள் விற்றன. சிடி சுமார் 3.3 கோடிதான். இந்தியாவிலும் பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 2024-ல் நவி மும்பையில் ரெக்கார்டு அச்சடிக்கும் ஆலை ஒன்று தொடங்கியது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அதே அமெரிக்காவில் இசை வருமானத்தில் 84 சதவீதம் செயலிகளில் பாட்டு கேட்பதன் மூலமே வருகிறது. அதாவது, ரெக்கார்டை ஆசைக்கு வாங்குகிறார்கள். தினமும் கேட்பது என்னவோ போனில்தான்.

அனலாக்... டிஜிட்டல்... என்ன வித்தியாசம்?

ஒலி என்பது காற்றின் அதிர்வு. அந்த அதிர்வு ஏறி இறங்குவதை அப்படியே ஒரு பள்ளமாக வெட்டினால் ரெக்கார்டு. டேப்பில் காந்தத் துகள்களாகப் பதித்தால் கேசட். இரண்டும் அனலாக்.

டிஜிட்டலில் அந்த அதிர்வை அளந்து எண்ணாக எழுதி வைக்கிறார்கள். 1982-ல் வந்த சிடியில் ஒரு விநாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. "அளவுக்கு அளவு நடுவுல இருக்கறது விட்டுப்போகுமே" என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. விட்டுப்போகாது. மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதற்கு இருமடங்குக்கு மேல் அளந்துவிட்டாலே அந்த எல்லைக்குள் இருக்கும் அலையை முழுசாகத் திரும்ப உருவாக்க முடியும். ஸ்பீக்கருக்கு வரும்போது அது படிக்கட்டு மாதிரி இல்லாமல் வழவழப்பான அலையாகவே வருகிறது.

எண்களில் யார் முன்னால்?

சந்தேகமே இல்லாமல் டிஜிட்டல்தான். மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளி சிடியில் 96 டெசிபல். நல்ல ரெக்கார்டில் சுமார் 60 முதல் 70. சாதாரண கேசட்டில் அதையும்விடக் குறைவு.

ரெக்கார்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அடிக்குரலை, அதாவது பேஸை, அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாகி பக்கத்துப் பள்ளத்தில் இடிக்கும். அதனால் பேஸைக் குறைத்து, கீச்சு ஒலியைக் கூட்டி வெட்டுகிறார்கள். ஆம்ப்ளிஃபயரில் 'ஃபோனோ' என்று ஒரு இடம் இருக்கிறதே, அதன் வேலையே இதைத் திருப்பிச் சரிசெய்வதுதான். ஆக, "கைபடாத ஒலி" என்று ரெக்கார்டைச் சொல்ல முடியாது.

அப்புறம் ஏன் ரெக்கார்டு இதமா கேக்குது?

கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த இதம் நிஜம்தான். மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, 90-களுக்குப் பிறகு டிஜிட்டலில் வந்த பல ஆல்பங்களை, மற்ற பாட்டைவிடச் சத்தமாகக் கேட்கவேண்டும் என்று அழுத்தி நெருக்கிவிட்டார்கள். மெதுவான இடமும் சத்தமான இடமும் ஒன்றாகிவிட்டது. இது தயாரித்தவர்கள் எடுத்த முடிவு. தொழில்நுட்பத்தின் குறை இல்லை.

இரண்டு, ரெக்கார்டும் டேப்பும் ஒலியில் லேசான திரிபைச் சேர்க்கின்றன. அது பலர் காதுக்குப் பிடித்திருக்கிறது.

மூன்று, ரெக்கார்டு போட்டால் உட்கார்ந்து கேட்கிறோம். ஒரு பக்கம் 20 நிமிடம் சொச்சம், முடிந்ததும் எழுந்து திருப்பிப் போடணும். போனில் முதல் சரணம் வருவதற்குள் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறோம்!

நிபுணர்களே ஏமாந்த கதை

2022 ஜூலையில் ஒரு விஷயம் வெடித்தது. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் தயாரிக்கும் ரெக்கார்டுகள், மூல டேப்பிலிருந்து நேராக அனலாக் முறையில் வெட்டப்படுபவை என்று ரசிகர்கள் நம்பி அதிக விலை கொடுத்து வாங்கினார்கள். ஆனால் 2011 முதலே அந்த நிறுவனம் இடையில் ஒரு டிஜிட்டல் படியைச் சேர்த்திருந்தது தெரியவந்தது. வழக்கு நடந்து, சமரசத்தில் முடிந்தது.

கவனிக்கவேண்டிய விஷயம் என்னவென்றால், அந்தப் பத்து ஆண்டுகளில் "இதுல டிஜிட்டல் கலந்திருக்கு" என்று காதால் கேட்டு யாரும் உறுதியாகக் கண்டுபிடிக்கவில்லை. பலர் அவற்றை மிகச் சிறந்த அனலாக் ஒலி என்றே பாராட்டினார்கள். நல்ல டிஜிட்டல் பதிவை அனலாக்கிலிருந்து பிரித்தறிவது அவ்வளவு கஷ்டம்.

அதனால் வீட்டில் பாட்டு நன்றாகக் கேட்கவேண்டும் என்றால், பணத்தை முதலில் ஸ்பீக்கரில் போடுங்கள். மீதி வித்தியாசத்தை ஸ்பீக்கர் வைக்கும் இடம் கொடுக்கும்.

சரி, இதுல நாகர்கோவில் எங்க வருது?

ஒலிக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்தது நாகர்கோவில் ஒழுகினசேரியில். அவர் பாடிய காலத்தில் இசைத்தட்டு அரக்கில் செய்யப்பட்டது. நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம். இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையத்தை ஆகாசவாணி 1984 அக்டோபர் 30-ல் தொடங்கியதும் நாகர்கோவிலில்தான். நாம் இன்று கேட்கும் குமரி பண்பலையும் அனலாக் ஒலிபரப்பே. எஃப்எம்மில் 15,000 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலி வரும். யாராவது குறை சொல்லியிருக்கிறோமா?

இதையெல்லாம்விட முக்கியமானது கேசட். 80, 90-களில் வீட்டுக்கு வீடு டேப் ரெக்கார்டர் வந்தபோது, சினிமாப் பாட்டு மட்டும் பதிவாகவில்லை. கோயில் கொடையில் விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டு, தேவாலயத் திருவிழாப் பாடல், கல்யாண வீட்டு நாதஸ்வரம், வளைகுடாவுக்குப் போன அப்பாவுக்கு அனுப்பிய குரல் என எல்லாம் அதில்தான் இருக்கிறது. நாஞ்சில் நாட்டில் முத்துப்பட்டன் கதையை ஒரு புலவர் சொல்வது மாதிரி இன்னொருவர் சொல்லமாட்டார். அவர் போய்விட்டால், அந்தச் சொல்முறை மிஞ்சியிருப்பது யாரோ பதிவு செய்த ஒரு கேசட்டில் மட்டும்தான்.

இளையராஜா பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். அது எந்தச் செயலியிலும் கிடைக்கும். உங்கள் ஊர்க் கொடையில் பாடிய புலவரின் குரல் எந்தச் செயலியிலும் கிடைக்காது. ரெக்கார்டா டிஜிட்டலா என்ற சண்டையில் நாம் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

மழைதான் கெடு

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. பக்கத்திலேயே கடல். வருடத்தில் பாதி நாள் காற்றில் ஈரம். கேசட்டின் டேப் மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் இரும்பு ஆக்ஸைடைப் பசையோடு சேர்த்துப் பூசியிருப்பார்கள். ஈரத்தில் அந்தப் பசை இளகும், விளிம்பில் வெள்ளையாகப் பூசணம் பூக்கும். பூசணத்தோடு ஓட்டினால் டேப்பும் போகும், ஹெட்டும் போகும்.

என்ன செய்யலாம்?

* பெட்டியை இறக்கி முதலில் தரம் பிரியுங்கள். கடையில் வாங்கிய சினிமா கேசட் ஒருபக்கம், கையால் பெயர் எழுதியது இன்னொரு பக்கம். அவசரம் இரண்டாவதுக்குத்தான்.

* பூசணம் தெரிந்தால் ஓட்டாதீர்கள். வெயிலில் காயவைக்கவும் கூடாது, டேப் நெளிந்துவிடும். தனியாக ஒரு கவரில் போட்டு, டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கையாளும்போது முகக்கவசம் நல்லது.

* நல்ல நிலையில் உள்ளதைப் பென்சில் விட்டு ஒரு சுற்று மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சிக்கினால் நிறுத்துங்கள். திருகு போட்ட கேசட் என்றால், டேப்பை வேறு நல்ல கூட்டுக்கு மாற்ற முடியும்.

* டேப் ரெக்கார்டரின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, முதலில் ஒரு சினிமா கேசட்டை ஓட்டிச் சோதியுங்கள்.

* 'லைன் அவுட்' அல்லது ஹெட்ஃபோன் துளையிலிருந்து, சின்ன யுஎஸ்பி ஆடியோ அடாப்டர் வழியாக லேப்டாப்புக்கு ஒரு வயர் போதும். 'ஆடாசிட்டி' இலவச மென்பொருள். ஒலி அளவு சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

* எம்பி3-யாக வேண்டாம், 'வேவ்' கோப்பாகச் சேமியுங்கள். சிடி தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி. 100 கேசட்டுகள் 128 ஜிபி பென் டிரைவில் அடங்கும். இரண்டு பிரதி, இரண்டு வேறு வீடுகளில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதையே மூலப் பிரதியாக நம்பாதீர்கள். அது ஒலியைச் சுருக்கிவிடும்.

* பாடியவர் யார், எந்தக் கொடை, எந்த வருஷம் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். பொதுவில் போடுவதற்கு முன் கலைஞரிடமோ அவர் குடும்பத்திடமோ அனுமதி கேளுங்கள்.

* அரக்கு இசைத்தட்டு இருந்தால், சாதாரண எல்பி முள்ளில் ஓட்டாதீர்கள். அதன் பள்ளம் அகலம். 78-க்கென்றே தனி முள் உண்டு.

அப்போ எதுதான் பெஸ்ட்?

கேட்பதற்கு எது பிடிக்கிறதோ அது. ரெக்கார்டு வாங்கி ரசிப்பவரை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் காப்பாற்றுவதற்கு டிஜிட்டல்தான். கேசட்டை ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கொஞ்சம் தேயும், பிரதி எடுத்தால் இரைச்சல் கூடும். எண்ணாக மாறிய குரலை ஆயிரம் முறை பிரதி எடுத்தாலும் அதே குரல்தான்.

மாற்றிய பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்; நாளைக்கு இன்னும் நல்ல கருவி வரலாம். இப்போதைக்கு ஒரே வேலைதான். அடுத்த மழை பிடிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பாருங்க.