சாவுக் கணக்கில் சாதி எங்கே?

கேதம் சொல்ல நம்ம ஆளு. குழி வெட்ட நம்ம ஆளு. கணக்கு எழுத மட்டும் முன்சீப்பு.

1918 விஷக்காய்ச்சலின்போது விருதுபட்டி (1923-இல்தான் விருதுநகர்), சிவகாசிச் சுற்றுக் கிராமங்களில் இதுதான் ஏற்பாடு. வைத்தியம் படிக்காத முன்சீப்பு எழுதுவது 'காய்ச்சல்'. மாகாண சுகாதார அறிக்கையோ செத்தவர்களை மதவாரியாகப் பிரித்தது. உயிரோடிருந்தவரை கிணற்றில் இறங்க விடாதவனோடு, செத்தபின் ஒரே 'இந்து'ப் பட்டியலில் நம்மைப் படுக்க வைத்தார்கள்!

பம்பாய் நகரத்தில் அதே வருசம் சாதி பார்த்தும் எண்ணினார்கள். ஆயிரத்துக்கு ஐரோப்பியர் 8 பேர் செத்தார்கள். மற்ற இந்துக்கள் 19. 'கீழ்சாதி இந்துக்கள்' 61. கிருமிக்குச் சாதி தெரியாதுன்னு இனி எவனாவது சொல்லட்டும். ஒற்றை அறையில் குடும்பத்தையே அடைத்தவனுக்குத் தெரிந்திருந்தது.

2020-இல் கொரோனா. அரசு தினமும் மாவட்டவாரியாகக் கணக்கு விட்டது. செத்தவர் வயசு, ஆணா பெண்ணா, சர்க்கரை இருந்ததா என்பதுவரை போட்டது. சாதி மட்டும் இல்லை. கேட்டால் நாமதான் சாதி பேசுறோமாம். சுடுகாட்டைத் தனித்தனியா வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள் இதை.

விருதுநகர் மாவட்டக் கணக்கையே எடுங்கள். தீப்பெட்டியாபீசுக்கும் பட்டாசாபீசுக்கும் போய்க்கொண்டிருந்த நம்ம காலனிச் சனங்க அதில் எத்தனை பேர்? எண்ணிச் சொல்லுங்கய்யா.