சால்வைக்கு முன்னால் ஒரு சுவர்

தேக்காவிலிருந்து விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் புத்தக வெளியீடு பார்க்க நடந்து போகிறவர்கள், வழியில் இரண்டு கலைக் கல்லூரிகளைத் தாண்டுகிறார்கள். மெக்னலி ஸ்திரீட்டில் லசால், 1984-ல் தொடங்கியது. பென்கூலன் ஸ்திரீட்டில் நாஃபா, 1938-ல் தொடங்கியது. 2024 முதல் இரண்டும் சிங்கப்பூர் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகின்றன. இவற்றைப் பற்றி நம் வீடுகளில் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது: "மார்க் எடுக்காத பிள்ளைங்க போற இடம்." நம் எழுத்தாளர்களிடம் இன்னொன்று: "கலையெல்லாம் சொல்லிக்கொடுத்து வருமா? உள்ளேயே இருக்கணும்."

முதல் தீர்ப்பைக் காலம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதோடுதான் எனக்குச் சண்டை.

கலைக் கல்லூரியில் பாதி முடித்த வேலையைச் சுவரில் ஒட்ட வேண்டும். சக மாணவர்கள் சுற்றி நிற்பார்கள். 'கிரிட்' என்பார்கள் அதை. "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு நழுவ முடியாது. எங்கே நல்லா இருக்கு, ஏன், கண் எந்த இடத்தில் தடுக்குது என்று சொல்லியாக வேண்டும். அடுத்த வாரம் அதே வேலை மாறி வரும். ஆசிரியரைவிடப் பக்கத்து மேசைக்காரனிடம் அதிகம் கற்றதாக அங்கே படித்த என் நண்பன் சொல்வான். திறமையை யாரும் ஊட்டிவிடுவதில்லை. முடியாத வேலையைப் பார்க்க நாலு பேர் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' சாதாரண விஷயமில்லை. 1952-ல் லியூ காங், சென் சோங் ஸ்வீ, சென் வென் ஷி, சியோங் சூ பியெங் என்ற நான்கு ஓவியர்கள் ஒன்றாகப் பாலித் தீவுக்குப் போனார்கள். மறுவருடம் ஒன்றாகக் கண்காட்சி வைத்தார்கள். நன்யாங் பாணி என்றதும் இன்றும் அந்தப் பயணத்தைத்தான் முதலில் பேசுகிறோம். தனிமேதை எங்கே இதில்?

நான் பொறியாளர். 1986-ல் சிராங்கூன் சாலையில் நியூ வோர்ல்டு ஹோட்டல் இடிந்து 33 பேர் இறந்தார்கள். விசாரணையில், கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காதது தெரிந்தது. அதற்குப் பிறகு, பெரிய கட்டடங்களின் கணக்கை வேறொரு பொறியாளர் சரிபார்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. சரிபார்ப்பவரை யாரும் எதிரி என்று நினைப்பதில்லை.

கவிதை இடிந்தால் ஆள் சாவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொந்த எடையைத் தாங்காத தொகுப்புகள் நம்மிடம் எத்தனை? நம் கூட்டங்களுக்கு எழுத்து வரும்போதே அட்டை போட்டு வருகிறது. வாழ்த்துரை, சால்வை, குழுப்படம். அதன்பின் ஒருவர் குறை சொன்னால், "நீ என்ன எழுதிக் கிழிச்சே?" அச்சான பிறகு சொல்லும் விமர்சனம் எழுதியவருக்கு அவமானமாகத்தான் படும். திருத்த வழியில்லையே! நாம் விமர்சனத்தை வெறுப்பவர்கள் என்று சொல்ல மாட்டேன். விமர்சனம் உதவக்கூடிய நேரத்தில் கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம்.

"கும்பலாக உட்கார்ந்தால் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவாங்க" என்பார்கள். அந்த ஆபத்து உண்டு. கூட்டத்துக்குள் அநியாயமும் நடக்கும். 1919-ல் வைமாரில் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளி, சமத்துவம் பேசிக்கொண்டே பெண்களை நெசவுப் பட்டறைக்குத் தள்ளியது. ஆனி ஆல்பர்ஸ் அப்படித்தான் தறிக்கு வந்தார். 1949-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய நெசவுகளுக்குத் தனிக் கண்காட்சியே நடந்தது. அந்தப் பாகுபாட்டை அது நியாயப்படுத்தாது. ஆனால் தவறான அறைக்குள் தள்ளப்பட்டவருக்கும் அங்கே ஒரு தறியும், கூட வேலை செய்ய ஆட்களும் இருந்தார்கள். இங்கே எழுத வரும் இருபது வயதுப் பிள்ளைக்கு அந்த அறைகூட இல்லை. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் இரண்டு கைதட்டல், ஒரு பூங்கொத்து.

பல்கலைக்கழகமோ மானியமோ இதற்குத் தேவையில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை, ஆறு பேர், ஆளுக்கு ஐந்து பக்கம். முடிக்காத பக்கங்கள் மட்டும். சிறப்பு விருந்தினர் வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். எழுதியவர் முதல் பதினைந்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது. மூத்தவர்கள் வரலாம், அவர்களும் முடிக்காத ஐந்து பக்கத்தோடு வரட்டும்.

அதற்குப் பிறகு புத்தகம் போடுங்கள். சால்வையும் போடுங்கள், நானே வந்து கைதட்டுகிறேன்.